புலி பார்க்கப் போகும் ஜீப்பில் ஒரு இடம்

நான் புலியைப் பார்த்தேனா இல்லையா என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இதில் புலி வராது. புலி பார்க்கப் போகும் ஜீப்பில் எனக்கு ஒரு இடம் கிடைத்ததைப் பற்றி மட்டும்தான் எழுதப்போகிறேன். அதற்கே நான் பட்ட பாடு போதும்.

மகனும் மருமகளும் நாமக்கல்லில் இருக்கிறார்கள். மகனுக்கு லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் போன் போடுவான். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனைப் பேத்தியிடம் கொடுத்துவிடுவான். நான் இந்தப் பக்கம் கொல்லிமலையில், மிளகு காயப்போட்ட பாயின் ஓரத்தில் உட்கார்ந்து "ம்" கொட்டிக்கொண்டிருப்பேன். நான் பேசுவது அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்தே அப்படி. ஐந்தாவது வரை படித்த பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால்கூடச் சத்தம் வராது. வாத்தியார் தலையைத் தூக்கிப் பார்த்துத்தான் நான் வந்திருப்பதைத் தெரிந்துகொள்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேத்தி சொன்னாள்.

"அப்பத்தா, லீவுக்கு நாங்க புலி பாக்கப் போறோம். மைசூருக்கு அந்தப் பக்கம் பெரிய காடு. ஜீப்புல உள்ள கூட்டிட்டுப் போவாங்களாம்."

"யாரு யாரு சாமி?"

"அப்பா, அம்மா, நானு, அம்மாயி."

அம்மாயி என்றால் என் மருமகளைப் பெற்ற அம்மா. எனக்குச் சம்பந்தி.

"ஜீப்புல ஆறு பேரு உக்காரலாமாம். நாங்க நாலு பேருதான். மிச்ச ரெண்டு சீட்டுக்கு வேற யாராச்சும் வருவாங்களாம். உள்ள போனா பேசவே கூடாதாம் அப்பத்தா. பேசுனா புலி ஓடிப்போயிருமாம்."

போனை வைத்த பிறகும் நான் பாயை விட்டு எழவில்லை. கோழி வந்து மிளகைக் கிளறியது. அதைக்கூட விரட்டவில்லை. சம்பந்தியம்மாள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நல்ல மனுஷி. ஆனால் ஒரு வாய் காப்பி குடித்து முடிக்கும்வரை அவரால் பேசாமல் இருக்க முடியாது. அவர் பேசக்கூடாத ஜீப்பில் போகிறார். பேசாமலிருப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத என்னை யாரும் நினைக்கவில்லை. மீதி இரண்டு இடத்தில் பேர் தெரியாத யாரோ உட்காரப்போகிறார்கள்.

காரணம் எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். எனக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது.

எங்கள் மலைக்கு ஏறி இறங்கும் ரோட்டில் எழுபது வளைவு. மலையில் பிறந்தவளுக்கு வாந்தி வராது என்று கீழே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு முதல் நாலைந்து வளைவிலேயே வயிறு புரட்டிவிடும். எலுமிச்சம்பழம் மோந்து பார்த்தேன், புளியை வாயில் அடக்கினேன், சீட்டில் பேப்பரை விரித்து அதன்மேல் உட்கார்ந்தேன். மாத்திரை போட்டால் வாந்தி வராது, ஆனால் மறுநாள் வரைக்கும் தூக்கம் போகாது. பஸ் கண்டக்டர்களுக்கு என்னைத் தெரியும். நான் ஏறினால் ஜன்னலோரத்தில் இருப்பவரை எழுப்பிவிட்டு இடம் கொடுப்பார்கள். பின்சீட்டுக்காரர்கள் அவரவர் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள்.

மகன் கல்யாணம் நாமக்கல் மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை வேனில் மாப்பிள்ளையின் அம்மாவாக இறங்கிப் போனேன். போய்ச் சேர்ந்ததும் காய்கறி மூட்டை அடுக்கியிருந்த அறையில் படுத்தவள்தான். சுவருக்கு அந்தப் பக்கம் கெட்டிமேளம் கேட்டது. புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்து வருவதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது. ஆல்பத்தில் அந்தப் படத்தில் சம்பந்தியம்மாள் இருக்கிறார், நான் இல்லை. அதிலிருந்து எங்கே போவதானாலும் "அம்மாவுக்கு ஒத்துக்காது" என்று மகனே முடித்துவிடுவான். பாசத்தில்தான் சொல்வான். அதனால்தான் அதை எதிர்த்துப் பேசுவது கஷ்டம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் போனைப் பேத்தியிடம் கொடுப்பதற்கு முன்பே நான் கேட்டுவிட்டேன்.

"புலி பாக்க நானும் வாரேன் கண்ணு."



"உனக்கு யாரும்மா சொன்னது?"

"யாரு சொன்னா என்ன? எப்படிப் போறீங்க?"

"இங்கிருந்து ரயில்ல பெங்களூர், அங்கிருந்து இன்னொரு ரயில்ல மைசூர், அப்புறம் வேன்."

"அந்த வேன் போற ரோட்டுல வளைவு இருக்குதா?"

"அது நேர் ரோடுதான். ஆனா காட்டுக்குள்ள ஜீப்பு குலுக்கி எடுத்துரும்."

"குலுக்குனா எனக்கு ஒண்ணும் ஆகாது. டிராக்டர்ல பலாப்பழத்து மேல உக்காந்து சந்தைக்குப் போறேன். ஒருநாளாச்சும் வாந்தி எடுத்தேனா?"

"அம்மா, மலையை விட்டு இறங்கும்போதே நீ பாதி உசுராயிருவ. அப்புறம் நாங்க உன்னையப் பாக்கறதா, புலியப் பாக்கறதா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் "ம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஆனால் அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. இரண்டு மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நினைக்க நினைக்க ஒன்று தெளிவானது. ரயிலில் வளைவில்லை. மைசூர் ரோட்டில் வளைவில்லை. எனக்கும் அந்தப் புலிக்கும் நடுவில் இருப்பது எங்கள் மலையின் வளைவு மட்டும்தான். அந்த ரோட்டில் இறங்கவில்லை என்றால்?

ஊருக்குக் கிழக்கே ஒற்றையடிப் பாதை ஒன்று காட்டுக்குள் இறங்குகிறது. நேராக மலையடிவாரத்துப் புளியஞ்சோலையில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து துறையூருக்கு டவுன் பஸ், துறையூரிலிருந்து நாமக்கல்லுக்கு ரூட் பஸ். எல்லாம் தரை ரோடு. இது எனக்கு இத்தனை நாளும் தெரியாதா என்றால், தெரியும். மாப்பிள்ளையின் அம்மா காட்டுவழியில் நடந்து வருவதா என்று கல்யாணத்தின்போது கேட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

என் நாத்தனார் அடுத்த வீட்டில் இருக்கிறாள். மகளைத் துறையூரில் கட்டிக்கொடுத்திருக்கிறாள். மகள் வீட்டுக்கு அவள் இன்றைக்கும் அந்தப் பாதையில்தான் போய்வருகிறாள். அவளிடம் போய் நின்றேன்.

"அம்மிணி, மக ஊட்டுக்கு எப்பப் போற?"

"ஏனுங்க அண்ணி, என்ன சமாச்சாரம்?"

சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாயே தொறக்காத அண்ணி வாயத் தொறந்தா இப்படித்தான் கேப்பீங்களா? கரடி கிடக்குற காடுங்க அது."

"புலி பாக்கப் போறவ கரடிக்குப் பயந்தா ஆகுமா?"

"அதுஞ் சரிதான். எனக்கெல்லாம் புலி வேண்டாமுங்க. எம் புருசன்கூட இத்தனை வருசம் இருந்தாச்சு, அது போதும்." பிறகு குரலை இறக்கிக் கேட்டாள்: "உங்க மகனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பச் சரி. நாளைக்கே போலாம்."

விடிந்ததும் கிளம்பிவிட்டோம். ஒரு துணிப்பையில் மாற்றுப் புடவை, தண்ணி பாட்டில், ஆதார் அட்டை. கையில் ஆளுக்கொரு குச்சி. சருகு விழுந்து கிடந்ததால் கால் வழுக்கியது. இறங்குவது ஏறுவதைவிட லேசு என்று சொல்கிறவர்களுக்கு முட்டி வலி வந்ததில்லை. செங்குத்தான இடங்களில் வெட்கத்தை விட்டு உட்கார்ந்து நகர்ந்தேன். நாத்தனார் முன்னால் போய்க்கொண்டே பேசினாள், மலை முழுக்கப் பேசினாள். அவள் பேசினால் கரடி கிட்டே வராதாம். அதற்குத்தான் பேசுகிறாளாம்.

"அண்ணி, விழுந்துகிழுந்து தொலைச்சிறாதீங்க. அப்புறம் உங்க மகன் என்னையத்தான் கேப்பான்."

"விழுந்தா நானா எந்திரிச்சுக்குவேன். நீ நட."

பாதி வழியில் ஒரு ஓடை. பாறையில் உட்கார்ந்து, நாத்தனார் தூக்குவாளியில் கொண்டுவந்த பழையசோற்றைச் சாப்பிட்டோம். கால் நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் வயிறு சும்மா இருந்தது. மலையை விட்டு இறங்கும்போது எனக்குப் பசித்தது அன்றைக்குத்தான்.

புளியஞ்சோலைக்கு வந்து சேர்ந்தபோது நல்ல வெயில். ஆற்றில் குளிக்க வந்த வெளியூர்ப் பிள்ளைகள் எங்களைப் பார்த்து வழிவிட்டு நின்றார்கள். டீக்கடைக்காரர் கேட்டார்.

"ஆயா, ரெண்டு பேரும் எங்கிருந்து வாரீங்க?"

"மேல இருந்து" என்றாள் நாத்தனார்.

"நடந்தா?"

"பறந்து வந்தோம். டீய போடுங்க."

நான் மகனுக்குப் போன் போட்டேன். நானாகப் போன் போட்டால் என்னவோ ஏதோ என்று பதறிப்போய் எடுப்பான்.

"என்னம்மா?"

"புளியஞ்சோலையில இருக்கேன்."

"எங்க?"

"புளியஞ்சோலை. நடந்து இறங்கி வந்துட்டேன். உங்கத்தையும் கூட இருக்கறா."

பட்டறையில் யாரோ இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது. அவன் அதட்டி நிறுத்தச் சொன்னான். பிறகு என்னைத் திட்டினான். இந்த வயசுல, அந்தக் காட்டுல, ஏதாவது ஆகியிருந்தா, அத்தைக்குத்தான் அறிவில்லைன்னா உனக்கு எங்க போச்சு என்று வரிசையாகத் திட்டினான். நான் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு டீயைக் குடித்தேன்.

"அங்கேயே இரு. நான் பைக்ல வாரேன்."

"வராத கண்ணு. பஸ்ஸுல வந்துக்குவேன். அந்த சீட்ட மட்டும் வேற யாருக்கும் போக உட்றாத."

துறையூரில் நாத்தனார் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ் ஸ்டாண்டில் என்னை நாமக்கல் பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கீழே நின்று, எல்லோரும் கேட்க, "அண்ணி, புலியக் கேட்டதாச் சொல்லுங்க" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வழி நெடுகப் பார்த்துக்கொண்டே போனேன். சோளக்காடு, கோழிப்பண்ணை, செங்கல் சூளை. நான் போகிற பஸ்ஸுக்கு வெளியே இவ்வளவு இருந்தது எனக்குத் தெரியாது. எப்போதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டுதானே இருப்பேன்.

சாயங்காலம் மருமகள்தான் கதவைத் திறந்தாள். கையில் தயாராகச் சொம்பும் தண்ணியும் எலுமிச்சம்பழமும் வைத்திருந்தாள்.

"படுத்துக்கறீங்களா அத்தை?"

"எதுக்கு? சோறு ஆயிருச்சா?"

அவள் என் புடவையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், எலுமிச்சம்பழத்தைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தாள். சம்பந்தியம்மாள் ஹாலில் இருந்தார்.

"வாங்க சம்பந்தி. அந்தக் காட்டுலயா நடந்து வந்தீங்க? சொல்லியிருந்தா நாங்களே வந்திருப்போமே. எனக்கெல்லாம் மாடிப்படி ஏறுனாலே மூச்சு வாங்குது. எங்க தெருவுல ஒரு அம்மா இப்படித்தான்..."

பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. மகன் வேலை முடிந்து வந்தான். நேரே கை கழுவப் போனான். தட்டைப் போட்டு உட்கார்ந்த பிறகு, நான் பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து அவன் தண்ணி டம்ளர் பக்கத்தில் வைத்தேன்.

"இதப் பாத்து டிக்கெட் போடு."

"அங்க போய் உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"இங்க மட்டும் ஒண்ணும் ஆகாதா?"

"நாலு பேரும் உன்னையவே கவனிச்சுட்டு..."

"யாரும் கவனிக்க வேண்டாம். கல்யாணத்துக்கும் இப்படித்தான் சொன்னீங்க. போய்ப் படுத்துக்கோன்னீங்க. படுத்துக்கிட்டேன். நீ தாலி கட்டறத நான் பாக்கல. இந்தத் தடவ படுக்க மாட்டேன் சாமி. நடந்தாச்சும் வந்துருவேன். மைசூருக்கு நடக்கச் சொன்னாலும் நடப்பேன்."

இவ்வளவு நீளமாக நான் அந்த வீட்டில் பேசியதில்லை. என் குரல் எனக்கே யாருடைய குரல் போலவோ இருந்தது. சம்பந்தியம்மாள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார். மருமகள்தான் மெல்லச் சொன்னாள்: "போட்டுருங்க. அத்தை வரட்டும்."

மகன் இடது கையால் போனை எடுத்தான். பார்த்தான். "ஒரு சீட்டுதான் இருக்குது. இன்னொண்ணு போயிருச்சு" என்றான். அட்டையைப் பார்த்து என் பேரையும் வயசையும் தட்டினான். பேத்தி அவன் தோளில் தொங்கிக்கொண்டு எட்டிப் பார்த்து, "வந்துருச்சு அப்பத்தா, டிக்கெட் வந்துருச்சு" என்றாள்.

"சரி" என்றான் மகன். "ஆனா ஒண்ணு. புலி பாத்துட்டு ஊருக்குத் திரும்பறப்ப அந்தக் காட்டு வழி வேண்டாம். நானே கார் பிடிச்சு ரோட்டுல கொண்டாந்து விடுறேன்."

"வேண்டாம் கண்ணு. வந்த வழியிலயே ஏறிக்குவேன்."

"எறக்கம் வேற, ஏத்தம் வேறம்மா. நீ என்ன குமரியா?"

"மெதுவா ஏறுவேன். அந்த வளைவுல நான் இனி ஏற மாட்டேன்."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு தலையைக் குனிந்து சோற்றைப் பிசைய ஆரம்பித்தான். பதிலே சொல்லவில்லை. சரி, சம்மதித்துவிட்டான் என்று நான் எடுத்துக்கொண்டேன். நான் பேசாமல் இருந்தபோதெல்லாம் இவர்களும் அப்படித்தானே எடுத்துக்கொண்டார்கள்.

மருமகளிடம் இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிக்கொண்டேன்.