ஸ்டெல்லா பெயரைப் போட்ட ராப் பாட்டு

ஒலிப்பதிவு அறை நடத்துகிறவளுக்கு நல்ல காது வேண்டும், அதைவிடப் பொறுமை வேண்டும். எனக்கு இரண்டாவது எப்போதும் தட்டுப்பாடு. நாலு பேரிடம் பேசிப் பிழைக்கிற எவருக்கும் இந்த அவஸ்தை தெரியும். இலங்கையில் யுத்தம் மறுபடி மூண்ட வருடங்களில், மாத்தளை டவுனில் ஒரு மாடி அறையில் இந்தத் தொழிலைச் செய்தேன்.

மெல்லிய குரல்

அப்போது பையன்களுக்கு ராப் பைத்தியம். முட்டிவரை தொங்கும் டீ-சேர்ட், கழுத்தில் பித்தளைச் சங்கிலி. பாட்டில் இரண்டே விஷயம்: தன் வீரம், பெண்களின் கேவலம். அம்மா தேயிலைக் கொழுந்து பறித்து வாங்கிக் கொடுத்த சப்பாத்தைக் காலில் போட்டுக்கொண்டு வந்து பெண்களைத் திட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்த ரொஷானுக்கு மெல்லிய, நல்ல குரல். பதிந்ததைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தான். "அக்கா, இது பொம்பளக் குரல் மாதிரி இருக்கு. மெஷின்ல கொஞ்சம் ஆம்பளையாக்கித் தாங்க."

சோதனைச்சாவடி

ஒருநாள் ரொஷான் பிந்தி வந்தான். சந்தியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை மறித்து, தமிழ்ப் பையன்களை மட்டும் இறக்கி வெயிலில் நிறுத்தியிருக்கிறார்கள். எல்லோர் முன்னாலும் சட்டையைக் கழற்றச் சொன்னார்களாம். பாவமாக இருந்தது. தண்ணீர் கொடுத்து, "இதப் பாடேன்டா" என்றேன்.

"இதப் பாடுனா தூக்கிட்டுப் போயிருவாங்க. வேற பாட்டு இருக்கு. இன்னைக்குக் கோவம் நல்லா வருது, ரெக்கோட் போடுங்க அக்கா."

பச்சைக் கோடு

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. திரையில் சத்தத்தோடு ஏறி இறங்கும் பச்சைக் கோட்டைத்தான் பார்ப்போம். வார்த்தை காதில் விழாது. அன்றும் அப்படியே பதிந்து, சீடி அடித்துக் கொடுத்தேன்.

இரண்டு கிழமையில், பதினாலே நாளில், ஸ்டெல்லா வந்து நின்றாள். வஹகோட்டை ஊர்ப் பிள்ளை. டவுனில் புடவைக் கடையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாட்டு. ரொஷான் விருப்பம் கேட்டு, வேண்டாம் என்றவள். அவள் பெயர், ஊர், கடை எல்லாம் அந்தப் பாட்டில் இருந்தன, அச்சில் போட முடியாத சொற்களோடு. அவள் வேலைக்கு வரும் பஸ்ஸில் அதைப் போட்டுவிட்டு, டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பாராம். அப்பா வேலையை விடச் சொல்லிவிட்டார். எனக்கு வெட்கமாகப் போனது.

"நீங்களும் பொம்பளதானே அக்கா? இதக் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

பதில் பாட்டு

அவளையே மைக் முன்னால் நிறுத்தினேன். ஒரு கெட்ட வார்த்தை இல்லை. வேண்டாம் என்று சொன்னது குற்றமா என்று தாளத்தோடு கேட்டாள். வேலையை விடமாட்டேன் என்று முடித்தாள். குரலில் நான் கை வைக்கவில்லை. அப்பாவின் காதிலும் இது விழட்டும் என்றாள்.

சீடியை நானே கொண்டுபோய் அந்த டிரைவரிடம் கொடுத்தேன். ஒரு நிமிடம் கேட்டார், நிறுத்தினார். இரண்டு கிழமையாக அந்த அசிங்கத்தைக் காது கிழியப் போட்ட மனிதர், சீடியை உறையில் போட்டு மரியாதையாகத் திருப்பித் தந்தார்.

"இதெல்லாம் போட ஏலாது மிஸ். பஸ்ல குடும்பப் பொம்பளைங்க வாறாங்க."

அந்த மாதத்தோடு அப்பாவின் பிடிவாதத்தில் ஸ்டெல்லாவின் வேலை போனது, ரொஷானுக்கு ரசிகர்கள் கூடினார்கள், இரண்டு பாட்டையும் பதிந்த எனக்குச் சுத்தமாக ரெக்கோட் பண்ணுகிறவள் என்ற நல்ல பெயர் கிடைத்தது.