பால் பொங்கிய கெட்டில்

கல்யாணமாகி நல்லம்பள்ளிப் பக்கம் வாழ வந்தபோது, பெங்களூரில் வேலை பார்த்த என் அண்ணன் வாங்கிக் கொடுத்த மின்சாரக் கெட்டிலும் சீர் சாமான்களோடு வந்து இறங்கியது. எழுபதுகளின் தொடக்கம் அது. தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. மாமியார் மட்டும் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"வெறுந்தண்ணிய காய வெச்சி என்னம்மா பண்றது?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நியாயமான கேள்விதான். பாலும் தூளும் சர்க்கரையும் ஒன்றாக அடுப்பில் வைத்த போசிப் பாத்திரத்தில் கொதித்தால்தான் எங்களுக்கு டீ. பாலில்லாத டீயை விருந்தாளிக்குக் கொடுத்தால் மானம் போய்விடும். குளிக்க வெந்நீர் வேண்டுமென்றால் வெளி அடுப்பில் அண்டா இருந்தது, எரிக்கப் பருத்திக் குச்சியும் இருந்தது. கெட்டிலுக்கு எங்கள் வீட்டில் வேலையே இல்லை.

அது மாதா படத்துக்குக் கீழே ஷெல்ஃபில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மாமியார் அதைத் துடைக்கக்கூட மாட்டார். என் பிறந்த வீட்டுப் பொருள் என்றால் இவருக்கு இளக்காரம், நானும் இவருக்கு அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். நானும் லேசுப்பட்டவள் இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன்.

மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. வீட்டுக்காரர் மருந்து வாங்கத் தருமபுரிக்குப் போயிருந்தார். மத்தியானம் போர்த்திப் படுத்திருந்தபோது பால் தீயும் நாற்றம் வந்தது. 'டப்' என்று ஒரு சத்தம். மழை மூட்டத்துக்காகப் போட்டிருந்த விளக்கு அணைந்துபோனது.

எழுந்து போய்ப் பார்த்தேன். கெட்டிலின் மூக்கு வழியாகப் பால் பொங்கி, பிளக் வரைக்கும் வழிந்திருந்தது. பால், தூள், சர்க்கரை, தட்டிய இஞ்சி எல்லாவற்றையும் போசியில் போடுவதைப் போலவே மாமியார் அதில் போட்டிருந்தார். பக்கத்தில் அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

"அடுப்பு எரியுதுங்களே அத்தை, இதுல எதுக்குங்க?"

திருதிருவென்று முழித்தார்.

"ஒடம்பு முடியாதப்போ அம்மா வூட்டு நெனப்பு வருமில்ல. உங்க வூட்டு சாமான்லயே போட்டுக் குடுக்கலாம்னு பாத்தேன். பாழாக்கிப்புடுவனோன்னுதான் இத்தினி நாளா அதைத் தொடல. கடைசில பாழாக்கியே புட்டேன் கண்ணு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கெட்டிலில் மிஞ்சியதை டம்ளரில் ஊற்றி, அவர் தடுக்கத் தடுக்கக் குடித்தேன். தொண்டை வரைக்கும் தீய்ந்த வாடை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, போசியிலேயே ஒரு வாய் டீ போட்டுக் கொடுங்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அத்தை என்று கூப்பிடத்தான் நினைத்தேன். அம்மா என்று வந்தது.