பேப்பரில் மட்டும் பிரிந்தவர்கள்

என் பெற்றோர் பிரிந்து வாழ்கிறார்கள் என்று, சுவிஸில் மாநில அரசான கன்டோனுக்கு எழுதிக் கொடுக்கலாம் என முதலில் சொன்னது அம்மாதான். யோசனையை விட, அதை அவர் சொன்ன வேகம்தான் என்னை உறுத்தியது.

நான் உயர்கல்லூரியில் கட்டிடப் பொறியியல் முதலாம் ஆண்டை முடித்திருந்த கோடைகாலம் அது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்த முதல் ஆள் நான். அப்பா ஊரில் போர்க்கால இடம்பெயர்வுகளுக்கு நடுவே எழுத்துக் கூட்டி வாசிக்கும் அளவோடு நின்றுவிட்டவர். அம்மா அதைவிடக் கொஞ்சம் கூடுதல். வீட்டுக்கு வரும் ஜெர்மன் கடிதங்களைச் சின்ன வயதிலிருந்தே நான்தான் வாசித்துச் சொல்வேன். படிப்புக்குக் கன்டோன் தரும் உதவித்தொகையை இங்கே ஸ்டிப்பெண்டியம் என்பார்கள். அதற்கும் நானே விண்ணப்பித்தேன், நானே வாங்கினேன்.

அந்தத் தொகை பெற்றோரின் வருமானத்தைப் பார்த்து முடிவாகும். நாங்கள் வசிக்கும் ஷ்லீரனில் அப்பா வேலை செய்த தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தபோது அவரையும் நிறுத்தினார்கள். அவர் தூரத்து மலையூரான டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் உதவிக்குப் போனார். சம்பளம் நன்றாக இறங்கிவிட்டது. ஆனால் கன்டோன்காரர் பழைய வரிக்கணக்கை வைத்தே என் இரண்டாம் ஆண்டுத் தொகையை முடிவு செய்திருந்தார்கள். அவர்கள் தரச் சம்மதித்தது ரயில் பாஸுக்கே காணாது. மறுபடி கணக்கிட வைக்க முடியாவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டு, முன்பு தொழில் பழகிய வரைபட அலுவலகத்துக்கு முழுநேரமாகத் திரும்ப வேண்டியதுதான்.

எப்படி எழுதுவது என்று கல்லூரி ஆலோசனை மேசையில் கேட்டேன். அங்கிருந்த பெண் கடிதங்களைப் புரட்டிவிட்டு, "அப்பா டாவோஸில், அம்மா ஷ்லீரனில். பிரிந்து வாழ்கிறார்களா? அப்படியானால் கணக்கே வேறு" என்றார். இல்லை, வேலைக்காகத்தான் அங்கே இருக்கிறார் என்று நான் அவசரமாகச் சொன்னேன். அன்று சாப்பிடும்போது இதை ஒரு பகிடியாகத்தான் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா சிரிக்கவில்லை. தட்டைக் கழுவிக்கொண்டே, "அப்ப பிரிஞ்சிருக்கினம் எண்டு எழுதன்" என்றார்.

"என்னம்மா கதைக்கிறீங்கள்? அது பொய்யெல்லே."

"பேப்பரிலதானே. எத்தினை சனம் செய்யுது. கொப்பாவோட நான் கதைக்கிறன், நீ படிப்பைப் பார்."

முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் என் அம்மா, ஒரு தரிப்புத் தூரம் என்றாலும் டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் ஏறாதவர். கடையில் மிச்சக் காசு கூடுதலாக வந்தால் திரும்ப நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருபவர். அவருக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? நான் மாமாவைச் சந்தேகித்தேன். மாமா அம்மாவின் தம்பி, லுசேர்ணில் சமையல்காரர். சுவிஸில் எந்தச் சட்டத்தில் எந்த ஓட்டை இருக்கிறது என்று தனக்குத் தெரியும் என நினைப்பவர்.

அப்பா சத்தம் போட்டு இதை நிறுத்திவிடுவார் என்று நம்பித் தொலைபேசியில் அழைத்தேன்.

"கொம்மா சொன்னவா" என்றார். "செய்யுங்கோ."

"பிடிபட்டா காசு முழுக்கத் திருப்பிக் கட்டவேணும், அப்பா. உங்கட வதிவிட பெர்மிட்டிலயும் கை வைப்பினம்."

"ஒண்டும் வராது."

"எப்பிடித் தெரியும்?"

"நீ படி தம்பி" என்று வைத்துவிட்டார்.

இருவரும் இவ்வளவு லேசாகச் சம்மதித்ததை நான் என்ன செய்வது? மாற்றி மாற்றி யோசித்தேன். கடன் எதையோ மறைக்கிறார்களோ? என் படிப்பு நின்றுபோனால் ஊர்ச்சனம் என்ன சொல்லும் என்ற பயமோ? அதற்குள் அவர்கள் எல்லாவற்றையும் செய்து முடித்தார்கள். பிரிந்து வாழும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அப்பா ஷ்லீரன் நகரசபையில் பதிவை நீக்கி டாவோஸில் பதிந்தார். மறுகணக்கு விண்ணப்பத்தோடு அந்தப் பத்திரங்களை இணைத்து நானே அனுப்பினேன்.

பிறகு நான் அவர்களைக் கவனிக்கத் தொடங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். திறப்பு அவரிடம் இருக்கும். இருந்தும் அதை எடுத்துப் பூட்டைத் திறக்காமல் கீழே நின்று பெல் அடித்தார். அம்மா கதவைத் திறந்து, "வாங்கோ" என்றார். விருந்தாளிகளுக்கு எடுக்கும் பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தார். அப்பா வரவேற்பறையில் நிமிர்ந்து உட்கார்ந்து குடித்தார். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கவில்லை, கட்டிலில் சரியவில்லை. இருட்டுவதற்கு முன் ரயிலுக்கு வெளிக்கிட்டார்.

"இவ்வளவு நடிக்கத் தேவையில்லை, அம்மா. கமெரா வைச்சே பாக்கினம்?" என்றேன்.

"பழகினா நல்லதுதானே" என்றார் அம்மா. கோப்பையை உடனேயே கழுவிக் கவிழ்த்தார்.

இலையுதிர்காலத்தில் மாமா வந்தார். வாசலிலேயே தொடங்கிவிட்டார்.

"எங்க, டிவோர்ஸ் மாப்பிள்ளை வரேல்லையோ?"

"மாமா, மெதுவா."

"ஏன்டா பயப்பிடுறாய்? கெட்டிக்காரர்! சுவிஸ்காரனுக்கே கணக்குக் காட்டுறியள். நானும் லுசேர்ணில ரெண்டு குடும்பத்துக்குச் சொன்னனான், எங்கட அக்கா வீட்டைப் பாத்துப் படியுங்கோ எண்டு."

அப்படியானால் யோசனை மாமாவுடையது இல்லை. அதைவிட, அம்மா அவரை அடக்குவார் என்று பார்த்தால், சிரித்துக்கொண்டே வடைத் தட்டை நீட்டினார். "ஓமடா, எல்லாம் இவன்ர படிப்புக்காகத்தான். வேற என்னத்துக்கு?" என்றார். களவு செய்கிறவர்கள் வாயைப் பொத்துவார்கள். அம்மாவோ ஊர் முழுக்கத் தெரியட்டும் என்பது போல நின்றார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

மாமா போய்ச் சில வாரங்களில் ஸ்டிப்பெண்டியம் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பெற்றோரின் உண்மையான வசிப்பிடம் பற்றிச் சில கேள்விகள் உள்ளன, நேரில் வரவும் என்று இரண்டு வரி. மாமாவின் வாய்தான் அதுவரை போயிருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

எனக்குத் தோன்றிய ஒரே வழி, டாவோஸில் அப்பாவின் அறையை ஒரு மனிதன் வாழும் இடம்போல ஒழுங்குபடுத்திப் படம் எடுத்துக்கொண்டு போவது. ஹோட்டல் வேலைக்காரர் தூங்கி எழும் அறைகளை எனக்குத் தெரியும். ஒரு கட்டில், ஒரு பெட்டி, அவ்வளவுதான். அதைப் பார்த்து யார் வீடு என்று நம்புவார்கள்? வீட்டில் அப்பாவின் பொருட்களைத் தேடினேன். நிலவறைப் பெட்டியில் ஒரு பழைய ஜாக்கெட்டைத் தவிர ஒன்றும் இல்லை. அம்மா எவ்வளவு கவனமாகத் தடயம் அழித்திருக்கிறார் என்று வியந்தேன். எனக்கும் அப்பாவுக்கும் ஒரே கால் அளவு. என்னுடைய சப்பாத்துகள், ஒரு சவரக்கருவி, இரண்டு போர்வை, சுவரில் மாட்ட ஒரு நாட்காட்டி, எல்லாவற்றையும் பையில் அடைத்துக்கொண்டு சனிக்கிழமை ரயில் ஏறினேன். யாருக்கும் சொல்லவில்லை. லண்ட்குவார்ட் நிலையத்தில் மாறிச் சிவப்பு ரயிலில் மலை ஏறும்போது, பையைத் திறந்து காட்டச் சொன்னால் என்ன சொல்வது என்று கூட யோசித்துவைத்தேன்.

அப்பாவின் ஹோட்டல் பூட்டிக் கிடந்தது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. அது கோடை, குளிர்காலம் என்ற இரண்டு சீசனுக்கும் நடுவிலான காலம். வழக்கமாக எல்லா வேலைக்காரரும் வீட்டுக்குப் போகும் நேரம். ஆனால் அப்பா, குசினி துப்பரவு வேலை இருக்கிறது என்று சொல்லியிருந்தார். துப்பரவு செய்ய அங்கே ஒரு லைட்டும் எரியவில்லை.

அவர் பதிந்திருந்த விலாசம் அங்கிருந்து ஏற்றமான ஒரு தெருவில் இருந்தது. கதவைத் திறந்த அப்பா வேட்டியோடு நின்றார்.

"என்னடா திடீரெண்டு? கொம்மாவுக்கு ஏதும்?"

"இல்லை. ஹோட்டல் பூட்டிக் கிடக்கு."

"ஓம். குளிர்காலத்துக்குத்தான் திறப்பினம்."

"அப்ப ஏன் வீட்ட வரேல்லை?"

அவர் என் பையைப் பார்த்தார். "உதென்ன?"

"உங்கட சாமான். அறையை வடிவாக்கிப் படம் எடுக்கவேணும். கன்டோனில கூப்பிட்டிருக்கினம்."

பைக்குள் கையை விட்டுச் சப்பாத்தை வெளியே எடுத்தார். "இது உன்ரையெல்லே?"

"உங்கட ஒண்டும் அங்க இல்லையே."

"எப்பிடி இருக்கும்? எல்லாம் இஞ்ச இருக்கு."

அப்போதுதான் உள்ளே பார்த்தேன். அது ஹோட்டல் அறை இல்லை, சின்ன வீடு. அடுப்பில் பருப்பு கொதித்தது. போத்தல்களில் மிளகாய்த்தூள், சீரகம், கோப்பி. வாசலில் சப்பாத்துகள் வரிசையாக. ஜன்னலுக்கு அவரே கையால் மடித்துத் தைத்த திரை. சுவரில் அப்பப்பாவின் படம். கண்ணாடி உடைந்துவிட்டது, திருத்தக் கொடுத்திருக்கிறேன் என்று அம்மா சொல்லியிருந்த அதே படம், கண்ணாடி உடையாமல், விளக்கு வைத்து. நான் கொண்டுவந்த எதையும் வைக்க அங்கே இடமில்லை.

அப்பா அடுப்பைக் குறைத்தார். "கொம்மா உனக்கு என்ன சொன்னவா?"

"பேப்பரில மட்டும் எண்டு."

"ம்." கரண்டியால் பருப்பைக் கிண்டினார். "ஃபக்டரியால நிப்பாட்ட முன்னமே நாங்கள் கதைச்சு முடிச்சிட்டம் தம்பி. அதுதான் இவ்வளவு தூரத்தில வேலை எடுத்தனான். சண்டை இல்லை. வேற ஒருத்தரும் இல்லை, அப்பிடி ஒண்டும் நினைச்சுப் போடாத. சேந்திருக்க ஏலாமப் போச்சு, அவ்வளவுதான். சனத்துக்கு என்னெண்டு சொல்லுறது எண்டுதான் தெரியாமத் திரிஞ்சனாங்கள். நீ வந்து ஸ்டிப்பெண்டியம் எண்டாய். கொம்மா அண்டைக்கே ஃபோன் அடிச்சவா, சனத்துக்குச் சொல்ல நல்ல சாட்டு கிடைச்சிட்டுது எண்டு."

"பொய் சொல்லிக் காசு எடுக்கிறம் எண்டெல்லே சனம் நினைக்குது."

"நினைக்கட்டுமன். அதுக்காகக் கொம்மாவைப் பாத்து ஒருத்தரும் குசுகுசுக்க மாட்டினம். கலியாண வீட்டுக்கும் கூப்பிடுவினம்."

"எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம்."

"நீ படிக்கிற பிள்ளை."

"படிக்கிற பிள்ளை எண்டா குருடனோ அப்பா? இவ்வளவு நாளும் ஜெயிலுக்குப் போவமோ எண்டு பயந்துகொண்டு திரிஞ்சனான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "உந்தப் பையைக் காவிக்கொண்டு மலை ஏறினியே, விசரா" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோறு போட்டுத் தந்தார். பருப்பில் அம்மா போடாத உள்ளிப்பூண்டு நிறையக் கிடந்தது. சாப்பிட்டு முடிந்ததும், "படம் எடுக்கவெல்லே வந்தனி? குசினியையும் எடு, துப்பரவா இருக்கு" என்றார். நான் எடுத்தேன். அவர் எந்தப் படத்திலும் விழாமல் கதவுக்கு வெளியே நின்றார்.

ஸ்டிப்பெண்டியம் அலுவலகத்துக்குப் போகும் நாளுக்குள் பொய்யைச் சரளமாகச் சொல்ல வாரக்கணக்காகப் பழகியிருந்தேன். உண்மையைச் சொல்லப் பழகவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், "உண்மையாகவே பிரிந்து வாழ்கிறார்களா?" என்று கேட்டபோது, ஓம் என்பதற்கே எனக்கு நாக்குத் தடுக்கியது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். என்னை நம்பவில்லை என்று தெரிந்தது. டாவோஸ் படங்களைப் பார்த்தார். அறையை யாரும் வாடகைக்கு எடுக்கலாம் என்றார்.

"அப்பா உங்கள் வீட்டுக்கு வருவதில்லையா?"

"வருவார்."

"வந்தால்?"

"பெல் அடிப்பார்" என்றேன். "அம்மா திறப்பார். விருந்தாளிக் கோப்பையில் தேநீர் கொடுப்பார். குடித்துவிட்டுப் போய்விடுவார்."

அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முடிவு தபாலில் வரும் என்று மட்டும் சொன்னார்.

வந்தது. அம்மாவின் வருமானத்தைத் தனியாகவும், அப்பாவின் புதிய சம்பளத்தைத் தனியாகவும் வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். இரண்டாம் ஆண்டைத் தொடரலாம். அம்மாவிடம் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு என் தலையைத் தடவினார். டாவோஸுக்குப் போனதைப் பற்றி நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அப்பா சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த ஞாயிறு மாமா கேக்கோடு வந்தார்.

"பாத்தியே மருமோன், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்! மெய்யே, அவை துருவித் துருவிக் கேக்கேல்லையோ? மெய்யாப் பிரிஞ்சவையோ எண்டு?"

அம்மா தேத்தண்ணிக் கேத்தலோடு குசினி வாசலில் நின்றார். ஊற்றவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டவை மாமா" என்றேன். "நான் நல்லா நடிச்சனான்."

"கள்ளன்!" மாமா என் முதுகில் ஓங்கி ஒன்று போட்டார். "அக்கா, உன்ர பெடியன் முன்னுக்கு வருவான்."

அம்மா வந்து மாமாவின் கோப்பையில் தேத்தண்ணியை ஊற்றினார்.