குதிக்காத முயல்

பல்செட் அக்கா என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். பல் மருத்துவமனையின் பின்பக்கத்தில் ஒரு குறுகலான அறை, ஒரு மேஜை விளக்கு, வரிசையாகச் சிரிக்கும் பொய்ப்பற்கள், தலைமுடியில் எந்நேரமும் வெள்ளைப் பொடி. பல்செட் செய்து கொடுப்பதுதான் அவளுடைய உத்தியோகம். எதிரில் யாராவது சிரித்தால் முகத்தைப் பார்க்கமாட்டாள், பல்லைத்தான் பார்ப்பாள். பிடிவாதமோ, அப்பப்பா, அதை மட்டும் கேட்காதீர்கள்!

அவளுக்கு வாய்த்த புருஷன் கிரேன் ஓட்டுகிறவர். எல்லோரும் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் உட்கார்ந்துகொண்டு இரும்புத் தூணைப் பூப்போல இறக்கி வைப்பார். அந்த மனிதருக்கு ஒருநாள் காலையில் பல் விளக்கும்போது பக்கவாதம் வந்தது. போன நடை திரும்பியது, பேச்சு திரும்பியது. வலது கட்டைவிரல் மட்டும் திரும்பவில்லை. "வேலை குடுத்துக்கிட்டே இருந்தா வரும். சும்மா விட்டா அப்படியே நின்னுடும்" என்றார் டாக்டர். அந்த விரல் இல்லாமல் கிரேன் லீவரைத் தொட முடியாது.

நசுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். அதை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டார், இடது கையால்.

"பந்து நசுக்க நான் என்ன பச்சப்புள்ளையா? பரண்ல கிடக்கே அந்தப் பழைய கேம் பெட்டி, அது ஓடட்டும். பட்டனை அமுக்கிக் காட்டறேன்."

ஓடாது என்கிற தைரியத்தில் விட்ட வார்த்தை அது. சின்ன வயதில் அவரும் தங்கையும் முட்டி மோதி விளையாடிய பெட்டி. கேசட்டைச் செருகினால் டிவியில் தொப்பி போட்ட முயல் ஒன்று ஓடும். பட்டனை அமுக்கினால் பள்ளத்தைத் தாண்டும். அவளிடமா இந்தச் சவால்? மறுநாளே ஏணி போட்டு இறக்கிவிட்டாள்.

சுவிட்சைப் போட்டதும் சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. டிவியில் படம் வருவதும் போவதுமாக இருந்தது.

"கேசட்டை எடுத்து ஊது" என்றார் அவர், நாற்காலியை விட்டு அசையாமல். "அடிவயித்துலேர்ந்து ஊதணும். அந்தக் காலத்துல ஊதறதுல என்னை அடிச்சுக்க ஆளே கிடையாது."

அவள் கேசட்டின் வாயை விளக்கில் காட்டினாள். உள்ளே செப்புப் பற்கள் பச்சையும் கறுப்புமாக இருந்தன. "எத்தனை வருஷத்து எச்சில் இது? ஊதி ஊதியே கெடுத்து வச்சிருக்கீங்க!"

"ஊதினா ஓடும்." தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தேய்த்தாள். கறுப்பு வந்துகொண்டே இருந்தது. பளபளவென்று ஆன பிறகும் விளக்கு சிமிட்டியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியையே பிரித்தாள். கேசட் செருகும் இடத்தில் இரண்டு வரிசைக் கம்பிகள், செருகிச் செருகிப் படுத்துவிட்டிருந்தன. பல்செட் மெழுகு சுரண்டும் மெல்லிய கொக்கியைக் கைப்பையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக நிமிர்த்த ஆரம்பித்தாள். கை நடுங்கினால் கம்பி ஒடிந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தாள்.

நாத்தனார் வந்து எட்டிப் பார்த்தாள். "எதுக்கு அண்ணி இந்தப் பாடு? புதுசா ஒண்ணு வாங்கினா தீந்துது."

"புதுசுல எங்க பாத்தாலும் பட்டனா இருக்கு. உங்க அண்ணனுக்கு ஒரு விரலுக்கே வழியக் காணோம்."

மூடி, செருகி, சுவிட்சைப் போட்டாள். விளக்கு நிலையாக நின்றது. படம் வந்தது, டிங் டிங்கென்று பாட்டும் வந்தது. "அய்யோ, அண்ணே, நம்ம முயல்!" என்று நாத்தனார் கைதட்டிக் கூத்தாடினாள்.

சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவர், பெட்டியிலிருந்து ஒயரில் தொங்கிய பட்டன் கட்டையைக் கையில் வாங்கினார். இடது விரல் முயலை நடத்திக்கொண்டு போனது. பள்ளம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வலது கட்டைவிரலால் பட்டனை அமுக்கினார். முயல் விழுந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடி விழுந்தது. நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

"போதும்." கட்டையைக் கீழே வைத்தார். "செத்த விரல் செத்ததுதான். நான் இனிமே மேல ஏற மாட்டேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளோ, சும்மா இருந்த மனிதரை உசுப்பி, வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் தொழில் புத்தி விடவில்லை. பல்செட் கடிக்கிறது என்று யார் வந்தாலும் வாயைக் குறை சொல்லுமுன் செட்டைச் சோதிப்பவள் அவள். கட்டையை எடுத்துத் தானே அமுக்கினாள். முயல் விழுந்தது. நகம் வெளுக்க அமுக்கினாள். விழுந்தது.

"ஏங்க! எனக்கும் குதிக்கலைங்க!"

"என்ன சொல்ற?"

"நல்ல விரலுக்கும் குதிக்கல! செத்தது பட்டன்தாங்க, உங்க விரல் இல்ல!"

ஒரு சாமான் கெட்டுப்போனதற்கு இப்படி ஆனந்தப்பட்ட பொம்பளையை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கட்டையைப் பிரித்தாள். பட்டனுக்கு அடியில் இருந்த ரப்பர் வில்லை பிசுபிசுவென்று அழுக்கேறிக் கிடந்தது.

"நான் கொட்டின ஜூஸா இருக்கும்" என்று முனகினாள் நாத்தனார்.

துடைத்து, காயவைத்து, மூடினாள். அமுக்கிப் பார்த்தாள். முயல் ஜம்மென்று தாண்டியது. அதை அவரும் பார்த்தார். இனிமேல் பழிபோட பட்டனும் இல்லை என்பது அந்த அறையில் மூன்று பேருக்கும் தெரிந்தது. அவர் மெதுவாகக் கையை நீட்டினார்.

முயல் விழுந்தது.

"லேட்டா அமுக்கிட்டேன்" என்றார் அவர்.

முடியவில்லை என்று சொல்லவில்லை, லேட் என்றார்! அடுத்த முறை, பள்ளத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே, நடுங்கிக்கொண்டிருந்த அந்த விரல் கீழே இறங்கியது. பட்டன் உள்ளே போனது. முயல் எழும்பி அந்தப் பக்கம் போய் நின்றது.

நாத்தனார் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. பல்செட் அக்கா டிவிக்கு முன்னால் போய் அவரையே பார்த்துக்கொண்டு, முகத்தை மூடக்கூடத் தோன்றாமல் அழுதாள்.

"ஏய், அழுறதா இருந்தா அந்தப் பக்கம் நின்னு அழு. படம் மறைக்குது."

அவள் நகரவில்லை. அவர் கழுத்தை வளைத்து அவளைச் சுற்றி எட்டிப் பார்த்துக்கொண்டே அடுத்த பள்ளத்தையும் தாண்டினார்.