சம்பா அறுப்பில் சிக்கிய சனிக்கிழமை

தப்பு என்னுடையது. ஒரு விவாகரத்தில், அப்பா குழந்தையைப் பார்ப்பதற்கு 'ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பத்து முதல் ஒரு மணி வரை, நீதிமன்றக் குழந்தைகள் அறையில்' என்று எழுதிக் கொடுத்தேன். அந்த அப்பா நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறவர்.

குடும்பக் கோர்ட்டில் நாம் செய்கிற பிழைக்கு நமக்குத் தண்டனை கிடையாது, குழந்தைக்குத்தான். என்னோடு அந்த வராந்தாவில் தேய்ந்தவர்களுக்கு இது தெரியும். மற்றவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

வைகாசியில் எழுதினால்

எழுதியது வைகாசியில். மேட்டூர் அணை இன்னும் திறக்கவில்லை. வயல் வெடித்துக் கிடந்தது, மிஷின் ஷெட்டில் கிடந்தது. என் கட்சிக்காரர் செந்திலுக்கு எல்லா நாளும் ஓய்வு. மகள் யாழினிக்கு ஆறு வயது. பொம்மை அறையில் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஒரே அமர்க்களம். குறுவை அறுப்பின்போதுகூட எப்படியோ ஓடி வந்துவிட்டார்.

தை பிறந்தது. சம்பா! டெல்டா முழுக்க ஒரே சமயத்தில் முற்றும். மிஷின்காரருக்குச் சோறு தின்ன நேரம் இருக்காது. இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். எழுதும்போது தோன்றவில்லை. எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் தோன்றவில்லை. "உனக்காவது தோணியிருக்க வேண்டாமாய்யா?" என்று செந்திலிடம் எகிறினேன்.

"நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன் சார்."

மூன்று சனிக்கிழமை

முதல் சனிக்கிழமை மயிலாடுதுறைப் பக்கம் மாட்டிக்கொண்டார். இரண்டாவது சனிக்கிழமை முத்துப்பேட்டைப் பக்கம் வண்டி பெல்ட் கழன்று சேற்றில் நின்றுவிட்டது. மூன்றாவதுக்குக் காரணமே சொல்லவில்லை. மூன்று வாரமும் யாழினியின் அம்மா கவிதா, திருவிடைமருதூரில் தன் அப்பா வீட்டிலிருந்து பஸ் பிடித்துக் குழந்தையோடு வந்தார். ஒரு மணி வரை காத்திருந்தார். போனார்.

மூன்றாவது வாரம் மனது கேட்காமல் நானே அந்த அறைக்கு ஓடினேன். யாழினி மூன்று பொம்மைகளை வரிசையாக வைத்து, பக்கத்தில் அப்பாவுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கவிதா பொரிந்து தள்ளினார். அடுத்த திங்கட்கிழமை, குழந்தையைப் பார்க்கிற உரிமையை ரத்து செய்யச் சொல்லி மனுவும் வந்தது.

"அவருக்கு மிஷின்தான் பொண்டாட்டி, மிஷின்தான் புள்ள. நடுவுல எம்பொண்ணு எதுக்கு சார்?"

யார் வயல்?

விசாரணைக்கு முதல் நாள் செந்திலைப் பிடித்தேன்.

"மூணாவது சனிக்கிழமை எங்கேய்யா இருந்தே?"

"அறுப்புல சார்."

"யார் வயல்ல? அந்த ஆளைக் கூட்டிட்டு வா. சாட்சி சொல்லட்டும்."

தலையைக் குனிந்துகொண்டார். ஊராவது சொல் என்றேன். ம்ஹூம். கேஸ் கட்டைத் தூக்கி மேஜைமேல் போட்டேன். விடிந்தால் மகளைப் பார்க்கிற உரிமையே போகப்போகிறது! மனிதருக்குக் கண் கலங்கியது.

"வாக்குக் குடுத்துட்டேன் சார். அத மட்டும் கேக்காதீங்க."

ஆறு மா சம்பா

மறுநாள் கோர்ட். நீதிபதி அம்மையார் யாழினியையும் அழைத்துவரச் சொல்லியிருந்தார். கவிதாவின் அப்பா கோவிந்தராஜு பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு பின் பெஞ்சில் இருந்தார். ஆறு மா நிலத்தில் சாகுபடி. விவாகரத்து வாங்கியே தீர வேண்டும் என்று முதலில் குதித்தவரும் அவர்தான்.

முதல் இரண்டு வாரத்துக்குக் காரணம் சொன்னேன். மூன்றாவதைச் சொல்லாமல் தாண்டிப்போகப் பார்த்தேன். "காரணமில்லாமல் வராதவருக்கு எதற்கு உரிமை?" என்றார் நீதிபதி. பேனாவைத் திறந்துவிட்டார். அதற்குள் யாழினியின் குரல் எல்லோருக்கும் கேட்டது: "தாத்தா, அப்பா இனிமே வர மாட்டாரா?"

கோவிந்தராஜு எழுந்துவிட்டார். துண்டு தோளிலிருந்து நழுவியது. எடுக்கவில்லை.

"அம்மா, எழுதிடாதீங்க! அன்னிக்கு மாப்பிள்ளை என் வயல்ல இருந்தாரு."

கோர்ட்டே திரும்பியது. அவர் மூச்சு விடாமல் கொட்டினார். "நாலு நாள் மழையில பயிர் சாஞ்சு போச்சும்மா. கதிர் முளைக்க ஆரம்பிச்சுடுச்சு. அந்தச் சேத்துல டயர் வண்டி இறங்காது. பெல்ட் வண்டி எங்கயும் கிடைக்கல. பெல்ட் வண்டி ஓட்டுற இவருக்குத்தான் போன் போட்டேன். எம்பொண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன். பிரிச்சு வெச்சவனே நான். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவகிட்ட சொல்றது?"

"சரிங்க, அதுக்கு ஏன் சனிக்கிழமை?" என்றார் நீதிபதி.

"மக வீட்டுல இல்லாத நாள் அதுதாங்கம்மா. பத்து மணிக்கு இங்க இருப்பா."

பெஞ்ச் கிளார்க் வாயைப் பொத்திக்கொண்டார். நான் பொத்திக்கொள்ளவில்லை, மேஜையைத் தட்டியே சிரித்துவிட்டேன். நாற்பது வருஷத்தில் முதல் தடவை. நீதிபதி கண்டிக்கவும் இல்லை. கவிதா மட்டும் சிரிக்கவில்லை. செந்திலையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ நான் இங்க இவருக்காகக் காத்துக்கிட்டு இருந்தப்ப, இவரு நம்ம நெல்லை அறுத்துக்கிட்டு இருந்தாரா?"

புது ஏற்பாடு

மனுவைக் கவிதாவே திரும்பப் பெற்றார். அங்கேயே உட்கார்ந்து ஏற்பாட்டைத் திருத்தினோம். அறுப்புக் காலத்தில் சனிக்கிழமைக் கணக்குக் கிடையாது. மிஷின் சும்மா நிற்கிற நாளில், முதல் நாளே தகவல் சொல்லிவிட்டு, அது எந்த ஊரில் நிற்கிறதோ அங்கேயே மகளைப் பார்க்கலாம். குழந்தையை யார் கூட்டிப்போவது என்ற கேள்விக்கு, யாரும் கேட்பதற்கு முன்பே பின் பெஞ்சிலிருந்து கை உயர்ந்தது.

நாற்பது வருஷம் கறுப்புக் கோட்டில் வெந்த நான் ஒரே வரியில் போட்ட முடிச்சை அவிழ்த்தவர், சட்டப் புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காத எதிர்த்தரப்பு மாமனார் கோவிந்தராஜு.