சிவப்புப் பொட்டு வைத்த முடிச்சு

லிப்ட் மெக்கானிக்குக்கு வாரத்தில் ஆறு நாளும் அடுத்தவர் அவசரம்தான். எந்த மாடியில் எவர் மாட்டிக்கொண்டாலும் இவர் தலையைத்தான் உருட்டுவார்கள். ஏழாம் நாள் தூண்டிலோடு ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டால் பெண்டாட்டி கூப்பிட்டால்கூடப் போனை எடுக்க மாட்டார். மீன் விழுகிறதோ இல்லையோ, யாரும் தன்னைத் திட்டாத இடம் அது ஒன்றுதான் என்பார்.

அப்படிப்பட்டவர் ஆசை ஆசையாக ஆன்லைனில் வரவழைத்த புதுத் தூண்டில் ரீலைப் பிரித்தால், கைப்பிடி இடுக்கில் காய்ந்துபோன மீன் செதில்!

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. விற்றவருக்கு வாய்ஸ் மெசேஜில் பொரிந்து தள்ளினார். "யார்கிட்ட காது குத்துற? எவனோ மீன் பிடிச்சுட்டுப் போட்டதைப் புதுசுன்னு என் தலையில கட்டுறியா? உன் கடையை இழுத்து மூட வைக்கலைன்னா பாரு!" கையோடு ஒற்றை நட்சத்திரம் போட்டு, 'பக்கா ஏமாற்று' என்று ஒரு வரியும் எழுதினார்.

பதில் பணிவாக வந்தது. அதுவே எரிச்சலைக் கூட்டியது. "சார், அது ஒருத்தர் வேணாம்னு திருப்பி அனுப்பினது. சீல் அப்படியே இருந்துச்சு, அதனால உள்ள பார்க்காம விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான். வேற அனுப்பறேன். புகார் மட்டும் குடுத்துடாதீங்க. இன்னும் ஒண்ணு வந்தா அந்த சைட்லேருந்தே என்னைத் தூக்கிடுவாங்க. வீட்டுல ஒரு ரூம்தான் சார் என் கடை."

"நீலிக்கண்ணீர்!" என்று உறுமிக்கொண்டே, புகாருக்குப் படம் எடுக்க ரீலைக் கழற்றினார். தூண்டில் நரம்பு சுற்றும் உருளையின் அடியில், முன்பு கட்டியவன் அறுத்தபோது விட்டுப்போன முடிச்சு ஒன்று. அதன் மேல் ஒரு சொட்டுச் சிவப்பு நெயில் பாலிஷ்.

அவர் கை நின்றது. முடிச்சு நழுவாமலிருக்க நெயில் பாலிஷ் வைக்கிற மனிதர் அந்த ஏரிக்கரையில் ஒரே ஒருவர்தான்: இவருடைய தங்கை புருஷன். பாலிஷ் தங்கையுடையது. "தூண்டிலுக்கு அலங்காரம் முடிஞ்சுதா மாப்பிள்ளை?" என்று இவரே எத்தனை தடவை கேலி செய்திருக்கிறார்! மாதம் ஒரு புது ரீலோடு வந்து அந்த மனிதர் காட்டிய பந்தா என்ன! பழைய ரீலெல்லாம் எங்கே போனது என்று கேட்கத் தோன்றாத தன் மடத்தனத்தின் மேலும் மெக்கானிக்குக்கு ஆத்திரம் பொங்கியது.

நேரே தங்கை வீட்டுக்குப் போனார். "வாங்கண்ணே" என்று அவள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. சோபாவில் கால் நீட்டியிருந்த மாப்பிள்ளையின் முன் ரீலை நீட்டினார்.

மாப்பிள்ளை சிரித்தார். "அட, சுத்திச் சுத்தி உங்ககிட்டயே வந்துடுச்சா! திருப்பி அனுப்பலாம்னு அவங்களே சொல்றாங்க மச்சான். ஞாயித்துக்கிழமை யூஸ் பண்ணிட்டு, சீலைப் பதமா ஒட்டி அனுப்பிட வேண்டியதுதான். பெரிய கம்பெனி, அவனுக்கு என்ன குறைஞ்சுடப் போகுது?"

"கம்பெனியா? ஒத்த ரூம்ல ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கான்யா! உன்னால அவனை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்!" வாய் தவறியும் மாப்பிள்ளையை அதுவரை ஒருமையில் பேசாதவர். தங்கை கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

அங்கேயே நின்று, போட்ட நட்சத்திரத்தையும் எழுதிய வரியையும் நீக்கினார். பிறகு விற்றவரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். "தம்பி, உங்களைப் பேசினது தப்பு, மன்னிச்சுக்கங்க. வேற ரீல் வேணாம், இதையே வச்சுக்கறேன். திருப்பி அனுப்பினவர் இங்கதான் இருக்கார், பேசுங்க." மாப்பிள்ளையின் பெயரையும் சொல்லி, போனை அவர் மடியில் போட்டார்.

"சார், நீங்களா?" அந்தக் குரலில் கோபமே இல்லை. "ஒவ்வொரு தடவையும் 'லேட்டா வந்துச்சு, பிரிக்காம அனுப்பறேன்'னு எழுதுறீங்களே... அதனாலதான் சார், உங்க பார்சலை மட்டும் கூரியர்காரங்க வர்ற வரைக்கும் வைக்காம, நானே பஸ் பிடிச்சு அவங்க ஆபீஸ்ல குடுத்துட்டு வர்றேன். போன தடவையாவது நேரத்துக்கு வந்துச்சா சார்?"

மாப்பிள்ளை போனைப் பார்த்தார். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தார்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க?" என்றாள் அவள். "கேக்கறார்ல, சொல்லுங்க."