தையல்காரர் மிதித்த கித்தார்

பிரேசர் டவுனில் ஓஸ்வால்ட் என்றால் இரண்டு பேர். ஒருவர் லேடீஸ் டெய்லர். இன்னொருவர் அலெக்சாண்டர் மாஸ்டரின் டான்ஸ் பேண்டில் ஸ்டீல் கித்தார் வாசிப்பவர். இருவரும் ஒரே ஆள்தான் என்பது ஊருக்கே தெரியும். ஓஸ்வால்டுக்குத்தான் அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

காரணம், டான்ஸ் ஹாலின் கதவுகள். ஃப்ராக் கொண்டுவரும் டெய்லர் சமையல்கட்டுப் பக்கமாக வந்து, பட்லரிடம் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வந்த வழியே திரும்ப வேண்டும். பேண்டுக்காரரோ முன்வாசலில் ஷூ சத்தத்தோடு நுழையலாம். காவல்காரன் சலாம்கூடப் போடுவான். கையைத் தூக்கி நின்று அளவு கொடுக்கும்போது ஓஸ்வால்டை ஏதோ ஒரு நாற்காலியாக நினைத்த சீமாட்டிகள், மேடையில் அவரை மனிதராகப் பார்த்தார்கள். ஒருத்தி ஒருமுறை சிரித்ததாகவும் கேள்வி. ஓர் ஆண்பிள்ளை கெட்டுப்போக இவ்வளவு போதும்.

அது 1944. உலகத்தில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பெங்களூருக்கு வந்து சேர்ந்தபோது அது பெரும்பாலும் டான்ஸாக மாறியிருந்தது. ஊரெல்லாம் சோல்ஜர்கள். அவர்களில் ஓர் அமெரிக்கர், தன் பேன்ட்டுகளை இறுக்கித் தைத்துக் கொடுத்த ஓஸ்வால்டுக்கு நன்றியாக, பர்மா பக்கம் போகுமுன் தன் மின்சாரக் கித்தாரையும் அதன் ஒலிபெருக்கிப் பெட்டியையும் விட்டுச் சென்றார். அந்தப் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு அவர் எப்படிக் குனிந்து சண்டை போட்டார் என்பதைச் சரித்திரம் சொல்லவில்லை.

ஸ்டீல் கித்தாரை மடியில் மல்லாக்கக் கிடத்தித்தான் வாசிக்க வேண்டும். இடது கையில் ஓர் இரும்புத் துண்டு. அதைக் கம்பிகள்மேல் வழுக்கவிட வேண்டும். வலது கை மீட்ட வேண்டும். இரண்டு கைக்கும் ஓய்வில்லை. ஆனால் கித்தாரின் ஓரத்தில் ஒரு திருகு இருந்தது. ஒரு பக்கம் திருப்பினால் குரல் கூர்மையாகும். மறு பக்கம் திருப்பினால் கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் மங்கும். மீட்டிய கம்பி ஓய்வதற்குள் திருகினால், கித்தார் நிஜமாகவே அழும். அமெரிக்கர் வைத்திருந்த இசைத்தட்டில் அப்படியொரு அழுகையைக் கேட்டதிலிருந்து ஓஸ்வால்டுக்குச் சோறு இறங்கவில்லை. திருக மூன்றாவது கை வேண்டும். ஆண்டவர் அந்த விஷயத்தில் சிக்கனமாக நடந்துகொண்டிருந்தார்.

அலெக்சாண்டர் மாஸ்டரும் நெருக்கினார்.

“இன்னா மேன், உன் கித்தாரு ஒரே குரல்ல முனகுது? ஜுரம் வந்த பூனை மாதிரி. டான்ஸ் ஆடுறவன் கொட்டாவி வுடுறான்.”

“சரி பண்ணிடறேன் மாஸ்டர்.”

“கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை டீ டான்ஸ். அதுக்குள்ள பண்ணு. இல்லேன்னா டென்சில் அக்கார்டியனோட ரெடியா கீறான். உன் சேர்ல அவன் குந்துவான்.”

டென்சில், மாஸ்டருடைய மனைவியின் தம்பி. இதற்குமேல் அவனுடைய இசைத் தகுதியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கை இல்லையென்றால் கால் இருக்கிறதே என்று ஓஸ்வால்டுக்குத் தோன்றியது தன் தையல் மெஷின்முன் உட்கார்ந்திருந்தபோது. அன்றே மெஷினின் மிதிபலகையைக் கழற்றினார். அதில் மீன்பிடி நூலைக் கட்டி, பழைய நூல்கண்டுக் கட்டை ஒன்றின்மேல் ஓடவிட்டு, கித்தார் திருகோடு பிணைத்தார். முன்பாதத்தை அழுத்தினால் குரல் திறந்தது. குதிகாலை அழுத்தினால் மூடியது. ஒரு கம்பியை மீட்டி மெதுவாகப் பாதத்தைச் சாய்த்தார். கித்தார், வரன் தட்டிப்போன பெண்ணைப்போல விம்மியது.

உள்ளே காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி பெர்னதெத் ஊசியோடு எழுந்து வந்தார்.

“ஏங்க, யாரு அழுறது?”

“கித்தாரு.”

“அது ஏன் அழுவணும்? அழ வேண்டியவ நானு. மெஷினுக்கு ஒரே ஒரு பெடலு. அதையும் புடுங்கி வெச்சிட்டீங்களா?”

முடிவில் உடன்பாடு ஏற்பட்டது. பகலில் மிதிபலகை மெஷினுக்கு, சாயங்காலம் கித்தாருக்கு. ஒரே பலகை, ஒரே கால், இரண்டு உத்தியோகம். பலகை எந்த வேலையில் இருக்கிறது என்பதைக் கால் ஒவ்வொரு முறையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கால்களுக்கு இந்தத் திறமை கிடையாது என்பதை ஓஸ்வால்ட் யோசிக்கவில்லை.

டீ டான்ஸ் ஞாயிறும் வந்தது. பூசை முடிந்ததும் அவர் மிதிபலகையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஹாலுக்குக் கிளம்பிவிட்டார். மௌரீன் என்ற வாடிக்கையாளரின் நீல ஃப்ராக்குக்கு மட்டும் அடி ஓரம் அடிக்க வேண்டியிருந்தது. பலகையில்லாத மெஷினை வைத்துக்கொண்டு பெர்னதெத் என்ன செய்வார்? இழுத்தால் வந்துவிடும் நீளநீளமான கச்சாத் தையலைக் கையால் போட்டுக்கொடுத்தார்.

“மெதுவா ஆடுங்கம்மா. சுத்தாதீங்க” என்று மட்டும் எச்சரித்தார். சுற்றாமல் எப்படி வால்ட்ஸ் ஆடுவது என்று மௌரீன் கேட்கவில்லை, நேரமாகிவிட்டிருந்தது.

ஹாலில் பேண்ட் வாசிக்கத் தொடங்கியது. முன்வரிசையில் டென்சில், பேண்டுக்காரர்கள் அணியும் அதே சிவப்பு டையோடு, அக்கார்டியனை மடியில் வைத்துக்கொண்டு மரண அறிவிப்புக்குக் காத்திருக்கும் வாரிசுபோல் உட்கார்ந்திருந்தான். பேண்டின் பாடகி பவுலின் பாடினாள். அவளுடைய மைக்கை ஓஸ்வால்டின் ஒலிபெருக்கிப் பெட்டியில்தான் செருகியிருந்தார்கள். முதல் பாட்டில் கித்தார் ஒருமுறை விம்மியது. ஆடியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அலெக்சாண்டர் மாஸ்டர் டிரம்பெட்டுக்குப் பின்னாலிருந்து புருவத்தை உயர்த்தினார். ஒரு கிழக் கர்னல் கைக்குட்டையை எடுத்தார். ஓஸ்வால்டுக்குத் தன் நாற்காலி சிம்மாசனமாகத் தெரிந்தது.

அப்புறம் வால்ட்ஸ். மௌரீன் சுற்றினாள். மேடைக்கு நேர் முன்னால், ஓஸ்வால்டின் கண்ணெதிரே, நீல ஃப்ராக்கின் ஓரம் ஒரு முழம் பிரிந்து தொங்கியது.

பிரிந்த தையலைக் கண்டால் தையல்காரனுக்கு என்ன ஆகும் என்பதை மற்றவர்களுக்கு விளக்குவது கடினம். அவருடைய கண் அந்த ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. கால், பாவம், தன் பழைய உத்தியோகத்துக்குத் திரும்பிவிட்டது. இத்தனை வருஷமாகத் தைத்த அதே வேகத்தில், முன்னும் பின்னும், முன்னும் பின்னும். மெல்ல மெல்ல விம்ம வேண்டிய கித்தார், ‘வாவாவாவாவாவா’ என்று வாத்துக் கூட்டமாகக் கத்தியது. கிழக் கர்னல் கைக்குட்டையை உள்ளே வைத்தார். ஜோடிகள் ஒன்றோடொன்று மோதின.

“நிறுத்து மேன்! நிறுத்து!” மாஸ்டர் கத்தினார். பேண்ட் நின்றது. கால் நிற்கவில்லை.

மௌரீன் மேடையருகே வந்து, குனிந்து, பலகையைப் பார்த்தாள். அவர் மெஷின்முன் எத்தனையோ முறை காத்து நின்றவள் அவள்.

“ஐயோ ஓஸ்வால்ட்! வாசிக்கிறியா, தைக்கிறியா?”

ஹால் முழுக்கச் சிரித்தது. அத்தோடு நிறுத்தியிருந்தால்கூட மானம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். ஆனால் தொங்கும் ஓரம் கண்ணெதிரே ஆடியதே! கித்தாரை இறக்கி வைத்துவிட்டு, கோட்டுக் காலரில் குத்தியிருந்த குண்டூசிகளை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு, மேடையிலிருந்து இறங்கி மௌரீன் முன்னால் மண்டியிட்டு ஓரத்தை மடித்துக் குத்த ஆரம்பித்தார் ஓஸ்வால்ட். “எனக்கும் இங்க தோள்ல ஒண்ணு குத்திடு” என்று இன்னொரு சீமாட்டி வந்து நின்றாள். அவள் பின்னால் இன்னொருத்தி.

அவர் நிமிர்ந்து பார்த்தபோது நாற்காலியில் டென்சில் இருந்தான்.

“மாஸ்டர்…” என்றார், வாயில் ஊசியோடு.

“போ மேன். நீ டெய்லர். டெய்லர் வேலையைப் பாரு. அந்தப் பக்கமா போ,” என்று சமையல்கட்டுக் கதவைக் காட்டினார் மாஸ்டர்.

அந்தக் கதவு வழியாகத்தான் அப்போது பெர்னதெத் உள்ளே வந்தார். தன் கச்சாத் தையலின் ஆயுள் அவருக்குத் தெரியும். கையில் ஊசிநூல் டப்பா. மண்டியிட்டிருந்த புருஷனையும், நாற்காலியிலிருந்த டென்சிலையும், சிரித்துக்கொண்டிருந்த கூட்டத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். நேராக மேடையேறி மிதிபலகையை நூலிலிருந்து அவிழ்த்தார்.

“இது என் மெஷினோடது.” பிறகு ஒலிபெருக்கிப் பெட்டியின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். “இது எங்க பெட்டி. ஏங்க, எந்திரிங்க. அந்தப் பக்கமா புடிங்க, தூக்கலாம்.”

“பெட்டிய ஏன்மா எடுக்கிறே?” மாஸ்டரின் குரல் இறங்கியது.

“டெய்லர் பெட்டி உங்களுக்கு எதுக்குங்க மாஸ்டர்? உங்க மச்சான்கிட்ட இருக்கில்ல, துருத்தி? அதுல பாடச் சொல்லுங்க.”

பவுலின் சோதனைக்காக வாயைத் திறந்து ஒரு வரி பாடினாள். டென்சிலுக்கு மட்டும் கேட்டது. அவனுக்கும் பாதி. பின்னாலிருந்த சோல்ஜர்கள் தரையைத் தட்டத் தொடங்கினார்கள்.

மாஸ்டர் கூட்டத்தைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். சொந்தபந்தத்தைப் பார்த்தார்.

“டென்சில், எந்திரி.”

“அத்தான்!”

“எந்திரிடா. அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்.”

இப்படியாக ஓஸ்வால்ட் அந்த பேண்டில் தொடர்ந்தார், முன்வாசல் வழியாகவே. எந்தக் கலைஞனும் தன் கலைக்காக மட்டும் நாற்காலியில் நீடிப்பதில்லை. ஓஸ்வால்டுக்கு அந்த உண்மை பிடுங்கிய ஒயரோடு சேர்த்துத் தெரிந்தது, அவ்வளவுதான். பலகை மட்டும் மெஷினைவிட்டு அசையக்கூடாது என்பது பெர்னதெத்தின் சட்டம். கொஞ்ச நாள் கித்தார் மறுபடி ஒரே குரலில் முனகியது.

பிறகு ஒரு டான்ஸில் அது திடீரென்று விம்மியதும் மாஸ்டர் பதறிப்போய் ஓஸ்வால்டின் காலைப் பார்த்தார். இரண்டு பாதமும் தரையில் சாதுவாக இருந்தன. கோட் மாட்டும் கம்பியை வளைத்து முழங்காலில் கட்டியிருந்தார். அங்கிருந்து திருகுக்கு நூல் ஓடியது. முழங்காலைப் பக்கவாட்டில் அசைத்தார், கித்தார் அழுதது.

“இது தைக்காதே மேன்?”

“தைக்காது மாஸ்டர். முழங்காலுக்குக் கோயில்ல மட்டுந்தான் வேலை. அதுவும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை.”